சட்டமன்ற உறுப்பினரிடம் எதைக் கேட்பது?

1852ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரு நீண்ட மனு போனது. அனுப்பியது சென்னைவாசிகள் சங்கம். ‘கிரசெண்ட்’ பத்திரிகையை நடத்திவந்த வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டியின் முயற்சியில் அதே ஆண்டில்தான் அந்தச் சங்கம் உருவாகியிருந்தது. மனுவைப் பெறவேண்டியது பிரிட்டிஷ் நாடாளுமன்றம். அந்த நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மனு போட்ட இந்தியர்களுக்குக் கிடையாது. இருந்தும் அவசரமாக அனுப்பினார்கள். 1853இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட இருந்தது. அதற்குள் விஷயத்தைக் காதில் போட்டுவிட வேண்டும் என்பது கணக்கு.

நிலவரியின் பாரம், நீதிமன்றங்களின் தாமதம், கல்விக்கும் பாசனத்துக்கும் செலவழிக்காத கஞ்சத்தனம் என்று குறைகள் மனுவில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்குப் பலன் இல்லை. புதிய சாசனச் சட்டம் கம்பெனியின் ஆட்சியைத் தொடரவே விட்டது. ஆனால் ஓர் இழை மட்டும் அறுபடவில்லை. இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக இருந்த பிரிட்டிஷ் மக்களவை உறுப்பினர் ஹென்றி டான்பி சீமோர் 1853இல் சென்னைக்கு வந்து, செட்டியோடு மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1854 ஜூலையில், சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று லண்டனில் அவையிலேயே பேசினார். கம்பெனித் தரப்பு மறுத்தது. மறுப்பு அவைக்குறிப்பில் ஏறிவிட்டால் அதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. அதே ஆண்டில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணை ஆணையம் சென்னையில் அமைந்தது. ஏறத்தாழ 2,000 முறையீடுகள் குவிந்தன. விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தது, அண்ணாந்தாள் கட்டிக் குனிய வைத்தது எல்லாம் எழுத்தில் பதிவாயின. 1855இல் வந்த அறிக்கை சித்திரவதை நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. வெள்ளை அதிகாரிகளை விடுவித்துவிட்டுப் பழியைச் சுதேசி ஊழியர்களின் தலையில் போட்ட அறிக்கைதான் அது. ஆனாலும் அதற்குப் பிறகு யாரும் ‘அப்படியெல்லாம் நடக்கவில்லை’ என்று சொல்ல முடியவில்லை.

மனு பல விஷயங்களைக் கேட்டது. அரசை அசைத்தது ஒன்றுதான்: நடக்கிறதா, இல்லையா என்று பதில் சொல்லியே தீர வேண்டியிருந்த விஷயம். மக்கள் பிரதிநிதியை அணுகுவது பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேறுபாடுதான் முதலில் தோன்றுகிறது. மனுவும் கேள்வியும் ஒன்றல்ல. நாம் நம் பிரதிநிதிகளிடம் மனுக்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். அவர்களுக்கு அரசியல் சாசனம் தந்திருக்கும் அதிகாரமோ கேள்வி கேட்பது.

தமிழ்நாட்டில் எந்தச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கும் காலையில் வருபவர்கள் ஏறக்குறைய ஒரே வகையான தேவைகளோடுதான் வருகிறார்கள். முதியோர் ஓய்வூதியம் நின்றுபோயிருக்கும். பட்டா மாறுதல் தாசில்தார் அலுவலகத்தில் கிடக்கும். மகனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும், மருமகளுக்கு இடமாறுதல் வேண்டும், காவல் நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உறுப்பினர் லெட்டர் பேடில் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறார். அல்லது அங்கேயே போனைப் போடுகிறார். இடையில் கல்யாணம், காதுகுத்து, சாவு. சராசரியாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் கொண்ட ஒரு தொகுதியில் இப்படி எத்தனை வீடு ஏறி இறங்க முடியும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அந்தப் பரிந்துரைக் கடிதத்துக்குச் சட்டத்தில் எந்த வலுவும் இல்லை. தாசில்தார் அதை மதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மதிப்பது வேறு காரணங்களுக்காக.

படித்தவர்கள் இதை இளக்காரமாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தியாவில் மக்கள் பிரதிநிதிகளை நாடிச் செல்வோரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த அரசியலறிஞர் ஜெனிஃபர் பஸ்ஸல் 2019இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊர்மட்டத்தில் கட்சி பார்த்து உதவி மறுக்கப்பட்டவர்கள்தான் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரை ஏறி வருகிறார்கள், அந்த உயரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் கட்சி பார்க்காமலே உதவுகிறார்கள் என்பது அவருடைய முக்கியமான முடிவு. ஆக, அந்தக் காலைக் கூட்டம் அறியாமையால் வந்த கூட்டமல்ல. கீழே கதவு அடைபட்டதால் மேலே வந்த கூட்டம்.

இருந்தாலும் கணக்கில் ஓர் இடிப்பு இருக்கிறது. மேலே சொன்ன எல்லாமே நிர்வாகத்தின் வேலை. அதற்கென்று திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது; ஜமாபந்தி இருக்கிறது; மனுநீதி நாள் முகாம் இருக்கிறது; முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண் இருக்கிறது. தெருவிளக்கும் சாக்கடையும் உள்ளாட்சியைச் சேர்ந்தவை. பாஸ்போர்ட், ரயில், வருங்கால வைப்பு நிதி என்றால் நாடாளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் இவற்றில் எதையும் தன் கையால் செய்ய முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதியைக்கூட அவர் தொடுவதில்லை. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று சொன்னாலும் அவர் பணிகளைப் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார். அனுமதியும் செலவும் மாவட்ட நிர்வாகத்திடம். 1993இல் தொடங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் நிதியிலும், இப்போது ஆண்டுக்கு 5 கோடி, இதே ஏற்பாடுதான். பேருந்து நிழற்குடையில் பெரிதாகப் பெயர் இருப்பதால் அவரே கட்டியதுபோல் தோன்றுகிறது.

மனுவுக்கென்றே பேரவையில் ஓர் இடம் இருக்கிறது: மனுக்கள் குழு. உறுப்பினர்கள் அடங்கிய இந்தக் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வு செய்யும். அதற்கு முன்பு, மனுக்களை அனுப்பலாம் என்று ஆட்சியர் பெயரில் செய்திக்குறிப்பு வரும். அந்தக் குறிப்பின் பின்பாதியைப் படித்தால்தான் சங்கதி தெரியும். மனு பொதுப் பிரச்சினையைப் பற்றி இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராமல் இருப்பதாக இருக்கலாம். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்தது. தனிநபர் குறை, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம், வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன் இவையெல்லாம் கூடாது. காலையில் உறுப்பினரின் வாசலில் நின்ற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேரை இந்த ஒரு பத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கல்நெஞ்சம். யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஒரு மூதாட்டிக்கு ஓய்வூதியம் நின்றுபோனது தாலுகா அலுவலகத்தின் விஷயம். ஒரு தாலுகாவில் ஓராண்டில் எத்தனை பேருக்கு நின்றது, என்ன காரணம் எழுதினார்கள், எத்தனை பேர் மேல்முறையீடு செய்தார்கள் என்பது சட்டமன்றத்தின் விஷயம். சட்டமன்றம் ஆட்களைப் பார்க்காது, வகைகளைப் பார்க்கும். ஒருவரின் குறையை ஒரு வகையின் குறையாக மாற்றிக் கொண்டுபோனால்தான் அந்தக் கதவு திறக்கும். மாநிலங்களவையின் மனுக்கள் குழு இதற்கு நல்ல சான்று. முன்னாள் படைவீரர்களுக்கு ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ வேண்டும் என்ற மனு பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான குழுவுக்குப் போனது. 2011 டிசம்பரில் குழு அதை ஏற்றுப் பரிந்துரை செய்தது. அரசாணை 2015 நவம்பரில் வந்தது. இடையில் போராட்டங்கள், தேர்தல் வாக்குறுதிகள் எல்லாம் உண்டு; மனு மட்டுமே சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போராடியவர்களின் கையில் நாடாளுமன்றக் குழுவே ஒப்புக்கொண்ட ஓர் ஆவணம் இருந்தது.

இனி கேள்விக்கு வருவோம். இந்தியச் சட்டமன்றங்களில் கேள்வி கேட்கும் உரிமை இனாமாக வந்ததல்ல. 1892 சட்டம்தான் உறுப்பினர்களைக் கேள்வி கேட்க அனுமதித்தது. கேட்டவர் அதே விஷயத்தில் துணைக்கேள்வி எழுப்பும் உரிமைக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துணைக்கேள்விதான் உயிர். எழுதிக் கொடுத்த கேள்விக்கு அதிகாரிகள் பதில் தயாரித்துக் கொடுப்பார்கள், அமைச்சர் படிப்பார். துணைக்கேள்விக்கு அமைச்சரே எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு மட்டுமே துணைக்கேள்விக்கு இடம்தரும் நட்சத்திரக் குறி கிடைக்கும். அவற்றிலும் கேள்வி நேரமான ஒரு மணி நேரத்துக்குள் எட்டப்படுவது சிலதான். எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்விகள் நாளொன்றுக்கு 230. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எவை தேர்வாகும் என்பது குலுக்கலில்.

கேள்வியின் வடிவத்துக்கும் கறாரான விதிகள் உண்டு. மக்களவையில் ஒரு கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம் கூடாது, ஊகம் கூடாது, கிண்டல் கூடாது, யார் மேலும் பழி சுமத்தக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. எளிதாகக் கிடைக்கும் ஆவணங்களில் உள்ள தகவலைக் கேட்டால் தள்ளிவிடுவார்கள். நாம் பிரதிநிதிகளுக்கு எழுதும் கடிதங்களில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியல் விலக்குபவைதான்: வாதம், பழி, ஆதங்கம், ‘இந்த அவல நிலை எப்போது மாறும்?’ என்ற முடிவு. உறுப்பினர் நல்லவராகவே இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதைப் பிரித்து மேய்ந்து கேள்வியாக்க அவருக்கு ஆள் வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான உறுப்பினர்களிடம் ஆராய்ச்சிக்கென்று ஆள் கிடையாது. உதவியாளர் இருப்பார், அவர் கல்யாணப் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்குவதிலேயே மூழ்கியிருப்பார்.

‘எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை, உடனே போடுங்கள்’ என்று எழுதினால் அது சுகாதாரத் துறைக்கு அனுப்பப்படும், அங்கிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து அதே சுகாதார நிலையத்துக்கு. மாறாக: அந்த நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, எத்தனை காலி, எந்தத் தேதியிலிருந்து, இந்த வட்டாரத்தில் இதே நிலையில் உள்ள நிலையங்கள் எவை, நிரப்பும் உத்தேச காலம் என்ன. இப்படி நான்கு வரி எழுதிக் கொடுத்தால் உறுப்பினர் அப்படியே கையெழுத்துப் போட்டுப் பேரவைச் செயலகத்துக்கு அனுப்பலாம். பதில் அச்சில் வரும். தவறாக இருந்தால் அவையைத் தவறாக வழிநடத்தியதாக உரிமைப் பிரச்சினை எழுப்பலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது. அமைச்சர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் இணைக்கலாம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ‘ஊர் மக்கள் கேட்கிறார்கள்’ என்பதற்கு அதைவிடச் சட்டபூர்வமான சான்று வேறில்லை.

ஆனால் நம் பேரவையின் கேள்வி நேரத்தைக் கவனித்துப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையில் வருவதால் யாரும் பார்க்கலாம். என் தொகுதியில் பாலம் கட்ட அரசு முன்வருமா? தீயணைப்பு நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா? கல்லூரி தொடங்க அரசு பரிசீலிக்குமா? அதற்குப் பதில்களும் தயார்: ‘கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை’, ‘நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்’, ‘ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்’. துணைக்கேள்வியின் முதல் பாதி அமைச்சருக்கு நன்றி, இரண்டாம் பாதி இன்னொரு பாலம். வாசலில் நாம் கொடுத்த மனு உறுப்பினரின் சட்டைப்பையில் கோட்டைக்குள் போய் அங்கேயும் மனுவாகவே நீட்டப்படுகிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தரச் சொன்னதும் இந்தப் போக்கின் தொடர்ச்சியே. எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்தது பாராட்டத்தக்கதுதான். ஆனால் அரசைக் கணக்குக் கேட்க வேண்டியவர் அரசிடம் பட்டியல் கொடுப்பவராக மாறிவிட்டால், அடுத்த மாதம் அதே அமைச்சரின் துறையில் நடந்த முறைகேட்டைப் பற்றி எந்தக் குரலில் கேட்பார்?

உறுப்பினர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் அவையில் கேட்ட கூர்மையான கேள்விக்காக யாரும் அவருக்கு வாக்களித்ததில்லை. பாலத்துக்காக வாக்களிக்கிறோம், அவரும் பாலம் கேட்கிறார்.

‘பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலையும் அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. அமைச்சர் அவையில் கொடுக்கும் வாக்குறுதிகளைப் பின்தொடர்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மக்களவையில் அது 1953 முதல் இயங்குகிறது. எந்தெந்த வாசகங்கள் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்று அங்கே ஒரு பட்டியலே உண்டு. ‘விஷயம் பரிசீலனையில் உள்ளது’ என்பதும் அதில் அடக்கம். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். தமிழ்நாடு பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அமைச்சர் சொன்ன ஒரு வரியைத் தேதியோடு எடுத்து அந்தக் குழுவுக்கு எழுதுவது, புதிதாகப் பத்து மனு போடுவதைவிடக் கனமானது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு ஆகியவையும் கட்சிக்கூச்சல் குறைவாக நடக்கும் இடங்கள். தணிக்கை அறிக்கையில் உங்கள் மாவட்டத்துத் திட்டம் ஒன்று அடிபட்டிருந்தால், அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரம் பொதுக் கணக்குக் குழுவிடம் இருக்கிறது.

காலமும் முக்கியம். லட்சுமிநரசு செட்டி 1853ஐக் கணக்கில் வைத்ததுபோல் நமக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. வழக்கமான ஆண்டில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம். அன்று ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை அவையில் வைக்கும். தமிழிலேயே இருக்கும், அரசு இணையதளத்தில் கிடைக்கும். ஒரு துறை எவ்வளவு செலவழித்தது, எதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறது என்பதை அறிய அதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. விவாதத்தின் முடிவில் அமைச்சர் எழுந்து புதிய அறிவிப்புகளை வாசிப்பார். அவை அன்று காலையில் முளைத்தவை அல்ல. துறை அதற்கு முன்பே கூடித் தயாரித்தவை. ஆகவே மார்ச்சில் எழுதும் கடிதம் பெரும்பாலும் ஆறிப்போன கடிதம். டிசம்பரில் எழுத வேண்டும்.

சில நேரங்களில் அவைக்கு வாயே இல்லாமல் போகிறது. விதி 110இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை வாசித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. ஜெயலலிதா ஆட்சிக்காலத்தில் பெரிய திட்டங்கள் பலவும் இந்த வழியில்தான் அறிவிக்கப்பட்டன. கேள்வி கேட்க முடியாத அறிவிப்பு பத்திரிகைக்கு நல்ல தலைப்பு, சட்டமன்றத்துக்கு வெறும் ஒலிபரப்பு.

சட்டங்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். அமெரிக்காவில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வரும் முன் தொகுதி மக்கள் உறுப்பினரின் அலுவலகத்தைத் தொலைபேசியால் துளைத்தெடுப்பது வழக்கம். அவர் கட்சியை மீறி வாக்களித்தாலும் பதவி போகாது. இங்கே 1985இல் வந்த 52வது திருத்தம் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியையே பறிக்கிறது. ‘இந்த மசோதாவை எதிர்த்து வாக்களியுங்கள்’ என்று ஆளுங்கட்சி உறுப்பினருக்கு எழுதுவது அவரைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்வதற்குச் சமம்.

2017 பிப்ரவரி இதைப் பச்சையாகக் காட்டியது. ஆளுங்கட்சி பிளந்து, உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தபோது அவர்களின் கைபேசி எண்கள் சமூக வலைத்தளங்களில் பரவின. வாக்காளர்கள் கூப்பிட்டார்கள், குறுஞ்செய்தி அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் மக்கள் தங்கள் உறுப்பினரிடம், ‘பாலம் வேண்டாம், இப்படி வாக்களி’ என்று இவ்வளவு பரவலாகக் கேட்டது அபூர்வம். பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். அன்று எதிர்த்து வாக்களித்த 11 பேர் பதவி இழக்கவில்லை. ஆதரித்து வாக்களித்துவிட்டு, சில மாதங்கள் கழித்து முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநருக்குக் கடிதம் கொடுத்த 18 பேரை 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல் நடக்கும் வரை அந்த 18 தொகுதிகளின் மக்களுக்கு எழுதுவதற்கு ஓர் உறுப்பினரே இல்லை. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். கட்சித் தாவலைத் தடுப்பது பற்றிய விவாதத்தில் இந்த மக்களின் கணக்கு எங்குமே வருவதில்லை.

எனவே சட்டம் இயற்றப்படும்போது வாக்கைக் குறிவைப்பதைவிட வாசகத்தைக் குறிவைப்பது மேல். 2014இல் மத்திய அரசு ஏற்ற முன்னாலோசனைக் கொள்கைப்படி வரைவு மசோதாவை 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பல மசோதாக்கள் இந்தப் பக்கம் தலைகாட்டாமலே அவைக்குப் போய்விடுகின்றன. நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு மசோதா போனால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். குழுவில் கொறடா உத்தரவு செல்லாது, கேமரா கிடையாது, எல்லாக் கட்சியினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பிரிவின் வாசகத்தைத் திருத்துவது அங்கேதான் நடக்கிறது. 15வது மக்களவையில் பத்துக்கு ஏழு மசோதா என்ற அளவில் குழுக்களுக்குப் போயின. 17வது மக்களவையில் ஆறில் ஒன்றுகூடப் போகவில்லை. அந்த 17வது மக்களவை ஐந்து ஆண்டில் மொத்தம் 274 நாள்தான் கூடியது. முதல் மக்களவையின் சராசரி ஆண்டுக்கு 135 நாள். நம் பிரதிநிதியைச் சந்திப்பது கடினமாகிவிட்டது என்று புலம்புகிறோம். அவரும் அரசைச் சந்திப்பது குறைந்துகொண்டேதான் வருகிறது.

இத்தனை இறுக்கத்திலும் ஒரு தனி உறுப்பினரால் என்ன முடியும் என்பதற்கு மாநிலங்களவை உறுப்பினராகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா ஓர் உதாரணம். நாடு விடுதலை பெற்றதிலிருந்து, அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவந்த 14 தனிநபர் மசோதாக்கள் மட்டுமே சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில், பாதி உறுப்பினர்கள் ஊருக்கு விமானம் ஏறிவிட்ட நேரத்தில், இந்த மசோதாக்கள் பேசப்பட்டு, அமைச்சரின் வேண்டுகோளுக்கு இணங்கித் திரும்பப் பெறப்படும். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்கான தன் மசோதாவைத் திரும்பப் பெற சிவா மறுத்தார். 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறியது பல பத்தாண்டுகளில் அதுவே முதல்முறை. மக்களவையில் அது தேங்கிப்போனது. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவில் இருந்த 2 சதவீத இட ஒதுக்கீடு அதில் இல்லை. தோல்வி என்று சொல்லலாம். ஆனால் எது விடுபட்டது என்று விரல் வைத்துக் காட்ட முடிவது, முன்பு ஓர் அவை ஏற்றுக்கொண்ட வாசகம் ஒன்று இருப்பதால்தான்.

கேள்விக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசியக் கேமராவில் பதிவானதால் 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கேள்விக்கு விலை இருந்தது என்றால் அதற்கு மதிப்பும் இருந்தது என்றுதான் அர்த்தம்.

எல்லாத் தொகுதிக்கும் கேள்வி கேட்க ஆள் உண்டா என்றால், இல்லை. 2003இல் வந்த 91வது திருத்தத்தின்படி 234 பேர் கொண்ட பேரவையில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர்வரை அமைச்சராகலாம். அமைச்சர் பதில் சொல்பவர், கேட்பவர் அல்ல. பேரவைத் தலைவரும் கேட்க மாட்டார். அமைச்சர் தொகுதி என்றால் சாலை வரும், மருத்துவமனை வரும் என்று ஊரில் பெருமை பேசுவார்கள். அந்தத் தொகுதியின் சாலை ஒப்பந்தத்தைப் பற்றி அவையில் கேட்க அந்த ஊருக்குப் பிரதிநிதி கிடையாது. ஆனால் ஓர் உறுப்பினர் தன் தொகுதியைப் பற்றி மட்டுமே கேட்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பக்கத்துத் தொகுதிக்காரருக்கு எழுதலாம். அதே துறை பற்றி முன்பு பேசிய எதிர்க்கட்சி உறுப்பினருக்கு எழுதலாம். சம்பந்தப்பட்ட குழுவில் இருப்பவருக்கு எழுதலாம். எந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலும், யார் என்ன பேசினார்கள் என்ற அவைக்குறிப்புகளும் பேரவையின் இணையதளத்தில் இருக்கின்றன. கடிதத்தின் முதல் வரியில் அந்த உறுப்பினர் இன்ன தேதியில் பேசியதைக் குறிப்பிட்டு, இரண்டாவது வரியில் கேள்வியை எழுதிவிட்டால் போதும்.